வீட்டில் செய்யும் கார் நகர மாட்டேன் என்கிறது: முதலில் பட்டறையைச் சரி செய்வதா, காரைச் செய்வதா?

கேள்வி கேட்ட தம்பி எழுதியதைச் சுருக்கினால் இதுதான். கோவையில், வீட்டை ஒட்டிய கார் ஷெட்டில், பழைய மாருதி 800 ஒன்றை வாங்கிப் பிரித்து, அந்த எஞ்சினை வைத்து லோட்டஸ் செவன் பாணியில் கூரையில்லாத இருவர் கார் ஒன்றைச் சொந்தமாகச் செய்ய ஆரம்பித்திருக்கிறார். இரண்டு வருடம் ஓடிவிட்டது. ஸ்கொயர் டியூப்பில் சேஸிஸ், அதாவது காரின் எலும்புக்கூடு, பாதி நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை காரில் கை வைக்கலாம் என்று ஷெட்டைத் திறந்தால் டிரில்லிங் மெஷினில் பிட் ஆடுகிறது, வெல்டிங் மெஷின் திக்குகிறது, கூரை ஒழுகுகிறது, அதைச் சரி செய்வதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது. தொடர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகவாவது வேலை நகர வேண்டும் என்றால் நேரத்தை எப்படி ஒதுக்குவது என்று கேட்டிருக்கிறார். கேட்டது நேரத்தைப் பற்றி. ஆனால் உள்ளே இருக்கும் கேள்வி வேறு என்று எனக்குப் படுகிறது: இந்த ரிப்பேர்களில் எது கட்டாயம், எது காரைத் தள்ளிப்போட நாமே கண்டுபிடித்துக்கொள்ளும் சாக்கு? நான் அதற்குத்தான் பதில் சொல்லப் போகிறேன்.

நான் டூல் ரூம் ஃபிட்டராக ஆரம்பித்து, வேலைத்துண்டை இடம் மாறாமல் பிடிக்கும் ஜிக், ஃபிக்சர் செய்வதிலேயே பெரும்பாலான வருடங்களைக் கழித்தவன். ரேஸ் காருக்குச் சேஸிஸ் செய்யும் நண்பர்களுக்கு வெல்டிங் ஜிக் செய்து கொடுத்திருக்கிறேன், அவர்கள் ஷெட்டில் அவர்களோடு நின்று டாக்கும் (குழாயைப் பிடித்து நிறுத்தும் சின்னப் புள்ளி வெல்ட்) வைத்திருக்கிறேன். அதனால் மெஷின், இரும்பு, வெல்டிங், வேலையை வரிசைப்படுத்துவது இவற்றைப் பற்றிச் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். சஸ்பென்ஷன் கணக்கு என் தொழில் இல்லை. சட்டமும் இல்லை. அவற்றைத் தொடும் இடத்தில் சொல்லிவிட்டே தொடுகிறேன்.

சட்டத்தை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் நீங்கள் செய்வது எந்த வகைக் கார் என்பதே அதில்தான் இருக்கிறது. இது உறுதியாகத் தெரிந்த விஷயம்: 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் விவரத்துக்கு மாறாக, தயாரித்த கம்பெனி முதலில் குறித்திருந்ததற்கு மாறாக, வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. புது மாடல் வண்டி என்றால் 1989-ம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளின் 126-வது விதிப்படி புனேயின் ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிலையத்தில் முன்மாதிரி வண்டி தேறியாக வேண்டும். அது கம்பெனிகளுக்கு ஏற்பட்ட பாதை. ஷெட்டில் ஒரே ஒரு கார் செய்பவருக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. இங்கிலாந்தில் நிலைமை வேறு. 1957-ல் வந்த லோட்டஸ் செவனே உதிரிகளாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொள்ளும் காராகத்தான் பெயர் எடுத்தது, 1973-ல் அதன் உரிமை கேட்டர்ஹாம் கம்பெனிக்குப் போன பிறகும் அந்தப் பழக்கம் நின்றுவிடவில்லை, இன்றைக்கும் அங்கே ஒற்றை வண்டியைத் தனியாகப் பரிசோதித்துப் பதிவு கொடுக்க ஐ.வி.ஏ. என்று ஒரு முறை 2009-லிருந்து இருக்கிறது. யூடியூபில் நீங்கள் பார்க்கும் வெள்ளைக்காரர் கடைசி வீடியோவில் நம்பர் பிளேட் மாட்டிக்கொண்டு ரோட்டுக்குப் போவது அதனால்தான். நமக்கு அந்தக் கதவு திறக்காது. ஆகவே உங்களுடையது டிராக்கிலும் சொந்த நிலத்திலும் ஓடப்போகும் கார் என்று இன்றைக்கே மனதில் எழுதிக்கொள்ளுங்கள். இதில் ஒரு லாபமும் இருக்கிறது: வைப்பர், ஹாரன், இண்டிகேட்டர், கண்ணாடி என்று பாதி வேலை குறைந்துவிடும். பிரித்த 800-ன் ஆர்.சி.யை மட்டும் அப்படியே பீரோவில் வைத்திருக்காதீர்கள். வண்டி இனி ஓடாது என்றால் பதிவுசெய்த ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு எழுதிக்கொடுத்துப் பதிவை ரத்து செய்ய வேண்டும் என்று 55-வது பிரிவு சொல்கிறது.

டிராக் என்றதும் நீங்கள் எங்கோ போக வேண்டியதில்லை, செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. யாருடைய பெயர் அது என்பது கோவைக்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆனாலும் உங்கள் விஷயத்தோடு நேராகச் சம்பந்தப்பட்டதால் சொல்கிறேன். கரிவரதன், நீங்கள் பிரித்து வைத்திருக்கும் அதே 800-ன் எஞ்சினையும் கியர் பாக்ஸையும் டிரைவருக்குப் பின்னால் வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கை ரேஸ் காரை இதே ஊரில் செய்தவர். பின்னாளில் ஃபார்முலா ஒன் வரை போன நரேன் கார்த்திகேயன் ஓட்டிப் பழகிய ஆரம்பக் கார்களில் அதுவும் ஒன்று. ஆக, 800-ன் சாமான்களை வைத்துக் கார் செய்ய முடியுமா என்ற சந்தேகமே இந்த ஊரில் எழக் கூடாது. ஆனால் டிராக்கில் இறக்க வேண்டுமானால் ரோல் பார் (கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் வளைவுக்குழாய்), ஐந்து முனை பெல்ட், தீயணைப்பான், பேட்டரி கட்-ஆஃப் இவற்றில் எதெது எந்த அளவில் வேண்டும் என்பதை டிராக் நடத்துபவர்களிடம் இப்போதே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ரோல் பாரைக் கடைசியில் ஒட்டவைக்க முடியாது, அது எந்தக் குழாயின் மேல் நிற்கிறது என்பது சேஸிஸ் வரையும்போதே முடிவாக வேண்டிய விஷயம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கேள்வியின் நடுவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "எஞ்சினை முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்." தம்பி, கார் நிற்பது இங்கேதான். பிட் ஆடுவதாலும் கூரை ஒழுகுவதாலும் இல்லை. எஞ்சின் எங்கே என்று தெரியாதவனுக்குச் சேஸிஸில் அடுத்த குழாயை எங்கே வைப்பது என்று எப்படித் தெரியும்? தெரியாததால் கை தயங்குகிறது. தயங்கும் கைக்கு அந்த நேரத்தில் டிரில்லிங் மெஷினின் ஆட்டம் பெரிய குறையாகத் தெரிகிறது. மெஷின் ரிப்பேரில் ஒரு சுகம் இருக்கிறது. காலையில் ஆரம்பித்தால் மாலையில் முடியும், முடிந்தது என்று கண்ணுக்குத் தெரியும், தப்பாகிவிடுமோ என்ற பயம் கிடையாது. டூல் ரூமில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன்: கஷ்டமான டிராயிங் மேஜைக்கு வந்த அன்றைக்குத்தான் நல்ல நல்ல ஃபிட்டர்களுக்கெல்லாம் வைஸ் தாடையைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும் என்று தோன்றும். ஆகவே ஷெட்டில் ஏதாவது ரிப்பேரில் உட்கார்ந்துவிட்டால், காரில் அடுத்து செய்ய வேண்டியது என்ன என்று ஒரு வரியில் சுவரில் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் அன்றைய வேலை ஸ்பானரில் இல்லை, பேப்பரிலும் பென்சிலிலும் இருக்கிறது.

எஞ்சின் விஷயத்தில் என் அபிப்பிராயத்தைக் கேட்டால், உங்களிடம் இருப்பது 796 சி.சி., மூன்று சிலிண்டர், குறுக்காக உட்கார்ந்து முன் சக்கரத்தைச் சுழற்றும் அமைப்பு. அதை மூக்கிலேயே வைத்து செவன் மாதிரி பின் சக்கரத்தைச் சுழற்ற அந்தக் கியர் பாக்ஸ் உதவாது. அதனால் வழி இரண்டுதான். ஒன்று, எஞ்சின், கியர் பாக்ஸ், டிரைவ் ஷாஃப்ட், சக்கரம் பூட்டும் ஹப் எல்லாவற்றையும் அப்படியே சீட்டுக்குப் பின்னால் கொண்டுபோவது. அப்போது கியர் லிங்கேஜை நீட்ட வேண்டும், ரேடியேட்டர் குழாயை முன்னால் இழுக்க வேண்டும், முன்பு ஸ்டியரிங் ராடு பிடித்திருந்த இடத்தில் அசையாத இணைப்பு போட்டு ஹப் திரும்பாமல் பூட்ட வேண்டும். இந்த இணைப்பு கொஞ்சம் அசைந்தாலும் பின்பக்கம் தானாகத் திரும்பும், உயிருக்கு உலை. மற்றது, ஒரு காலாவதியான ஆம்னியைத் தேடிப் பிடிப்பது. அதில் இருப்பதும் 796 சி.சி. எஞ்சின்தான், ஆனால் நீளவாக்கில் உட்கார்ந்து, புரொப்பெல்லர் ஷாஃப்ட் வழியாகப் பின் ஆக்சிலைச் சுழற்றுகிறது. எஞ்சின், கியர் பாக்ஸ், ஆக்சில் மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தும் செட்டாகக் கிடைக்கும். நீங்கள் முதலில் ஆசைப்பட்ட செவன் உருவத்துக்கு இதுதான் நேர்வழி. நான் உங்கள் இடத்தில் இருந்தால் 800-ன் கியர் பாக்ஸை விற்றுவிட்டு உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் ஆம்னி செட்டைத் தேடப் போவேன், அங்கே படியவில்லை என்றால் சென்னை புதுப்பேட்டை. ஆக்சிலை லீஃப் ஸ்பிரிங் பட்டையில் தொங்கவிடுவதா, நாலு கை போட்டு காயில் ஸ்பிரிங்கில் நிறுத்துவதா, கைகளின் நீளம் என்ன என்பதெல்லாம் சஸ்பென்ஷன் தெரிந்தவரிடம் கேட்க வேண்டியது. ஃபார்முலா மாணவர் போட்டிக்குக் கார் செய்யும் இன்ஜினியரிங் கல்லூரிகள் உங்கள் ஊரில் இருக்கின்றன, அந்த அணிப் பசங்களிடம் டிராயிங்கோடு போய் உட்காருங்கள். நான் சொல்வது ஒன்றுதான், இந்த மாதம் முடிவதற்குள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், பிறகு மாற்றாதீர்கள்.

சரி, ரிப்பேருக்கு வருவோம். எல்லாமே சாக்கு என்று சொல்லவில்லை. கட்டாயம் செய்ய வேண்டியதில் முதலாவது கரண்ட். வெல்டிங் மெஷின் திக்குகிறது, வெல்டிங் கம்பி ஒட்டிக்கொள்கிறது, சில நாள் நன்றாக எரிகிறது, சில நாள் எரிவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அதோடு வீட்டு ஹாலிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்திருப்பதாகவும். மெஷினைப் பார்க்காமல் அதன் உள்ளே என்ன என்று என்னால் சொல்ல முடியாது, ஆனால் மெஷினைச் சந்தேகப்படும் முன் செய்ய வேண்டிய சோதனை எளிது. பிளக் பக்கத்தில் மல்டிமீட்டரை வைத்து, மெஷின் சும்மா இருக்கும்போது வோல்டேஜைப் பாருங்கள். பிறகு ஒருவர் கம்பி ஓட்ட, ஆர்க் எரியும்போதே திரும்பப் பாருங்கள். 230 என்று காட்டியது 200-க்குக் கீழே விழுகிறது என்றால் மெஷின் மேல் குற்றமில்லை, வயர்தான் மெல்லிசு. மெயின் போர்டிலிருந்து ஷெட்டுக்குத் தனியாக 4 சதுர மி.மீ. செம்பு வயர், லோடு மிஞ்சினால் தானே அணையும் தனி எம்.சி.பி., கூடவே கரண்ட் கசிந்தால் அணைக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., ஒழுங்கான எர்த், இவற்றை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்துப் போட்டுவிடுங்கள். ஒழுகும் கூரை, ஈரத் தரை, கையில் கிரைண்டர், எர்த் இல்லாத எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்: இந்தக் கூட்டணியில் நான் எந்த வேலையும் செய்ய மாட்டேன், நீங்களும் செய்யாதீர்கள். அப்புறம் வெல்டிங் மெஷினின் எர்த் கிளாம்ப்பையும் பாருங்கள். துருவின் மேலும் பெயிண்ட்டின் மேலும் கடித்துக்கொண்டிருக்கும் கிளாம்ப்புக்கே பாதி ஆர்க் தகராறு சேரும்.

இரண்டாவது அந்த டிரில்லிங் மெஷின். இதுவும் கட்டாயம்தான், ஏனென்றால் பிராக்கெட் ஓட்டை முட்டை வடிவமாகிவிட்டால் போல்ட் எவ்வளவு முறுக்கினாலும் ஒரு நாள் ஆடும். ஆனால் நீங்கள் ஸ்பிண்டிலின், அதாவது சுழலும் தண்டின், பேரிங் மாற்ற ஆர்டர் போடப் போவதாக எழுதியிருப்பதைக் கொஞ்சம் நிறுத்திவையுங்கள். முதலில் ஆட்டம் எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். நூலளவு ஆட்டத்தையும் காட்டும் டயல் கேஜ் ஒன்றைக் காந்த ஸ்டாண்டில் மேஜை மேல் நிறுத்தி, முள்ளைச் சக்குக்கு (பிட்டைக் கவ்வும் பாகம்) மேலே தெரியும் ஸ்பிண்டில் மேல் வைத்து, பெல்ட்டைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். பிறகு சக்கில் நேரான கம்பி ஒன்றை, உடைந்த டிரில் பிட்டின் வழவழப்பான பின்பக்கத்தைக் கூடப் பிடிக்கலாம், பிடித்து அதன் மேல் முள்ளை வையுங்கள். ஸ்பிண்டில் மேல் முள் அநேகமாக அசையாமல் நிற்கிறது, கம்பியின் மேல் வைத்தால் கால் மி.மீ. ஆடுகிறது என்றால் பேரிங் நன்றாக இருக்கிறது, குறை சக்கிலோ அது உட்காரும் கூம்பு முனையான டேப்பரிலோதான். விலை குறைந்த பெஞ்ச் மெஷின்களில் நான் பார்த்தவரை பெரும்பாலும் இதுதான் கதை. இரண்டு ஆப்புகளை எதிரெதிராகச் சக்குக்கும் ஸ்பிண்டிலுக்கும் நடுவில் கொடுத்துத் தட்டினால் சக் கழன்று கையில் வரும். டேப்பரை மண்ணெண்ணெயில் நனைத்த பனியன் வேஸ்ட்டால் துடைத்துவிட்டு, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். எங்காவது ஒரு இடம் மட்டும் பளபளவென்று தெரியும். அங்கே நகத்தை ஓட்டினால் பிசிறு தட்டுப்படும். அரம் போடவே கூடாது. எண்ணெய்க்கல்லை லேசாக ஓட்டி அந்தப் பிசிறை மட்டும் எடுங்கள். சக்கின் உள்குழியையும் துடைத்து, எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் காயவைத்து, தாடைகளை முழுக்க உள்ளே இழுத்துக்கொண்டு, மரச் சுத்தியலால் ஒரே போடு. திரும்ப டயல் வைத்துப் பாருங்கள். இதற்கும் மேல் ஆடினால் சக் தேய்ந்தது, சக்கை மாற்றுங்கள். பேரிங் வரிசையில் கடைசி. கூடவே வேகத்தையும் பாருங்கள்: இரும்பில் 10 மி.மீ. பிட்டுக்கு நிமிடத்துக்கு 800 சுற்று போதும். 2,000-ல் ஓட்டினால் பிட் கருகி, முனை மழுங்கி, ஓட்டை கோணலாகும், அதற்கும் பாவம் மெஷின்தான் திட்டு வாங்கும்.

கூரை விஷயத்தில், முழு ஷெட்டையும் மாற்ற இப்போது வேண்டியதில்லை. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் அநேகமாக ஜே போல்ட்டைச் சுற்றித்தான் ஒழுகும், தார் வாஷர் காய்ந்து உடைந்திருக்கும். ஏணியில் நின்று எட்டும் போல்ட்களுக்குப் புது வாஷர் போட்டால் வடகிழக்குப் பருவமழையைத் தாங்கிவிடும். ஷீட்டின் மேல் கால் வைக்காதீர்கள், உடைந்து உள்ளே விழுவீர்கள், ஷீட்டை அறுக்கவோ தேய்க்கவோ வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. வெட்டி வைத்த டியூப்புகள் துருப்பிடிப்பதுதான் கவலை என்றால் எண்ணெய் பூசித் தரையிலிருந்து தூக்கி வையுங்கள், வெல்டிங் முன்னால் துடைத்துக்கொள்ளலாம். டூல் போர்டுக்குப் பெயிண்ட் அடிப்பது, மேஜைக்கு டிராயர் செய்வது, பழைய லேத் ஒன்று விலைக்கு வருகிறது என்று பார்க்கப் போவது, இவையெல்லாம் கார் உருளும் வரை வேண்டாம். லேத் வேலை வேண்டுமென்றால் உங்கள் ஊரிலேயே கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் தெருவுக்குத் தெரு பட்டறை இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு புஷ்ஷாகக் கொண்டுபோகாதீர்கள், பட்டறைக்காரர் பம்ப் ஷாஃப்ட் ஆர்டரை நிறுத்திவிட்டு உங்கள் ஒற்றை புஷ்ஷுக்கு செட்டிங் மாற்ற மாட்டார், "நாளைக்கு வாங்க" என்றே ஒரு மாதம் போகும். புஷ், ஸ்பேசர், பின் எல்லாவற்றையும் சேர்த்து, அளவும் டாலரன்சும் (எவ்வளவு கூடக்குறைய இருக்கலாம் என்பது) போட்ட ஒரே டிராயிங்கோடு, மெட்டீரியலையும் வெட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தால் வேலை மரியாதையாக நடக்கும்.

சேஸிஸ் பற்றிச் சொல்ல வேண்டியது கொஞ்சம் அதிகம். 25 மி.மீ. சதுர டியூப், 16 கேஜ், அதாவது 1.6 மி.மீ. கனம் என்கிறீர்கள், இந்த மாதிரிக் காருக்கு எல்லோரும் போடுவது அதுதான். ஆனால் தரையில் செங்கல் வைத்து அதன் மேல் வெல்ட் செய்கிறேன் என்று எழுதியிருப்பதைப் படித்ததும் எனக்குப் பக்கென்றது. வெல்டிங் இழுக்கும். உருகிய இடம் ஆறும்போது சுருங்கும், சுருங்கும்போது குழாயைத் தன் பக்கம் இழுக்கும், இதை யாராலும் தடுக்க முடியாது, எதிர்ப்பக்கமும் அதே அளவு இழுக்கும்படி வரிசை போட்டுச் சமாளிக்கத்தான் முடியும். அதற்கு ஒரு மேஜை வேண்டும். காலில் ரசமட்டம் பார்த்த இரும்பு ஃபிரேம், மேலே 18 மி.மீ. பிளைவுட், அதன் மேல் முழு அளவில் சேஸிஸின் அடித்தளத்தை வரைந்துகொள்ளுங்கள். வரைந்த கோட்டின் மேல் டியூப்பை வைத்து, இருபுறமும் சின்ன மரக்கட்டைகளைத் திருகி நகராமல் பிடித்து, முதலில் டாக் மட்டும். அடித்தளம், மேல்தளம், நடுக்கால்கள், குறுக்குக்குழாய் எல்லாம் டாக்கில் நின்று, மூலைக்கு மூலை அளந்து இரண்டும் ஒத்துப்போகும் வரை முழு வெல்டிங்கைத் தொடவே கூடாது. நான் இரண்டு மூலைவிட்டத்துக்கும் 1 மி.மீ.க்கு மேல் வித்தியாசத்தை விட மாட்டேன். வீட்டில் செய்பவருக்கு 2 மி.மீ. வரை பரவாயில்லை என்பேன், இது என் அனுபவம்தான், எந்தப் புத்தக விதியும் இல்லை. பிறகு முன் இடது மூலையில் ஒரு வெல்ட், அடுத்தது பின் வலது மூலையில், அப்படியே மாற்றி மாற்றி, சூடு ஒரே இடத்தில் சேராமல். சஸ்பென்ஷன் பிராக்கெட்களைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். குழாய் கொஞ்சம் கோணினால் கண்ணுக்குத்தான் உறுத்தும், பிராக்கெட் கோணினால் கார் ஒரு பக்கம் இழுக்கும். இடது, வலது பிராக்கெட்களை ஒரே நீளக் கம்பியில் கோத்துப் பிடித்துக்கொண்டு டாக் வைத்தால் இரண்டும் நேர்கோட்டில் நிற்கும்.

அந்த மெல்லிய டியூப்பில் கம்பி வெல்டிங் பழகியவர் கையில் அழகாக வரும், புதியவர் கையில் ஓட்டை விழும். 2.5 மி.மீ. கம்பியை 60, 65 ஆம்பியரில் வைத்து, வெட்டிப்போட்ட துண்டுகளில் முதலில் ஓட்டிப் பாருங்கள். ஓட்டிய துண்டை வைஸில் பிடித்துச் சுத்தியலால் அடித்து மடக்குங்கள். வெல்ட் பிரிந்தால் கை இன்னும் தயாரில்லை, பக்கத்து டியூப் மடங்கி வெல்ட் நின்றால் தயார். இதைவிடக் கண்ணுக்குத் தெரியும் பரீட்சை கிடையாது. 0.8 மி.மீ. வயர் போடும் மிக் மெஷின் வாடகைக்குக் கிடைத்தால் வேலை இன்னும் சுலபம். அல்லது டாக் வரை நீங்கள் வைத்துவிட்டு முழு வெல்டிங்கை ஒரு நல்ல வெல்டரை வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரே நாளில் முடித்துவிடலாம், அதில் ஒரு அவமானமும் இல்லை. மழைக்காலத்தில் கம்பி பாக்கெட்டைத் திறந்து வைக்காதீர்கள், ஈரம் இழுத்த கம்பி வெடித்து வெடித்து எரியும், வெல்டில் துளை விழும். அப்புறம், பிரேக் கிளீனர் ஸ்பிரே அடித்த இரும்பின் மேல் காயாமல் ஆர்க் வைக்காதீர்கள். குளோரின் கலந்த ஸ்பிரேயாக இருந்தால் அந்தச் சூட்டில் பாஸ்ஜீன் என்ற விஷ வாயு வரும். ஜிங்க் பூசிய பைப்பின் புகையும் ஆகாது. பெட்ரோல் டேங்க்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா, அது ஷெட்டிலேயே இருக்கக் கூடாது.

இனி நேரம். இதில் ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் அழுத்திச் சொல்வேன்: ஷெட்டைப் பூட்டும் முன் கடைசிக் கால் மணி நேரம் அன்றைய வேலையைச் செய்யாதீர்கள், அடுத்த வேலையை எடுத்து வையுங்கள். அடுத்து பெடல் பிராக்கெட் என்றால் அதன் டிராயிங், அதற்கு வேண்டிய தகடு குறி போட்டு சென்டர் பஞ்ச் அடித்தபடி, 8 மி.மீ. பிட், போல்ட், நட்டு எல்லாம் ஒரு தட்டில் மேஜை மேல் இருக்க வேண்டும். எடுத்து வைக்கும்போதுதான் 30 மி.மீ. போல்ட் இல்லை என்பது தெரியும், வாரத்தில் வேலையிலிருந்து வரும் வழியில் வாங்கிவிடலாம். தெரியாமல் ஞாயிறு காலை பத்து மணிக்குத் தெரிந்தால் கடை பூட்டியிருக்கும், அன்றைக்கு நீங்கள் மறுபடியும் டூல் போர்டுக்குப் பெயிண்ட் அடிப்பீர்கள். போல்ட்டை ஒன்றிரண்டாக வாங்காமல் எம்6, எம்8, எம்10-ல் 8.8 தரம் நாலைந்து நீளங்களில் பெட்டியாக வாங்குங்கள். உள்ளே நைலான் வளையம் இருக்கும் நைலாக் நட்டு கூடவே நிறைய. ஒருமுறை கழற்றியதை ஓடும் பாகத்தில் திரும்பப் போடக் கூடாது, அதனால் தாராளமாக வேண்டும். சத்தம் போடும் வேலை, போடாத வேலை என்று இரண்டாகப் பிரித்துக்கொள்வதும் உதவும். ராத்திரி ஒன்பது மணிக்குக் கிரைண்டர் ஓட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் வருவார்; ஆனால் அந்த நேரத்தில் வயரிங் ஹார்னஸைப் பிரித்துத் தேவையில்லாத வயர்களை எடுப்பது, கார்புரேட்டர் கழுவுவது, பிராக்கெட் பிசிறு ராவுவது, டிராயிங் போடுவது, இதற்கெல்லாம் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். வாரத்தில் இரண்டு ராத்திரி அரை மணி நேரம் அப்படிப் போனால் ஞாயிறு முழுக்க இரும்பு வேலைக்கே மிஞ்சும்.

சேஸிஸ் டாக்கில் நின்றதும் முன், பின் சக்கரங்களைத் தற்காலிகமாகவாவது மாட்டி உருட்டிவிடுங்கள். மற்றவர்கள் சேஸிஸுக்குப் பெயிண்ட் வரை முடித்துவிட்டு அப்புறம் சக்கரம் மாட்டச் சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எஞ்சினையும் சீட்டையும் பெடலையும் வைத்துப் பார்க்கும் வரை எந்தச் சேஸிஸும் முடிந்ததல்ல, நிச்சயம் ஒரு குழாயை வெட்டி மாற்ற வேண்டியிருக்கும், அப்போது பெயிண்ட் வீண். உருண்டால் வெயிலில் தள்ளிவிட்டு ஷெட்டைக் கூட்டலாம். வீட்டில் இருப்பவர்களுக்கும் இரும்புக் குவியல் ஒருவழியாகக் காராகத் தெரியும், அது சின்ன விஷயம் இல்லை. தூக்கி நிறுத்தும்போது ஹாலோ பிளாக் மேல் நிறுத்தாதீர்கள், சொல்லாமல் உடையும். ஜாக் ஸ்டாண்ட் நாலு வாங்குங்கள். ஸ்டியரிங் காலமை வெட்டி ஒட்டுவது, பிரேக் பைப் முனையை விரித்து ஃபிளேர் செய்வது, சீட் பெல்ட் பிடிக்கும் இடம், இந்த மூன்றையும் அந்த வேலையே செய்கிறவர் கையில் கொடுங்கள், அல்லது முடித்தபின் அவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

மொத்தம் எவ்வளவு காலம் ஆகும் என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். ஞாயிறு மட்டும் வேலை செய்பவருக்கு இது வருடக் கணக்குதான், நான் ஒரு தேதி சொன்னால் அது பொய். ஆனால் எஞ்சின் எங்கே என்ற முடிவு, ஷெட்டுக்குத் தனி வயர், அந்த மேஜை, இந்த மூன்றும் முடிந்துவிட்டால் டாக்கில் நிற்கும் சேஸிஸ் நாலைந்து மாத வேலைக்கு மேல் இருக்காது. வயர் போட்ட பிறகும் வெல்டிங் மெஷின் திக்கினால், அதன் பின்பக்கத்தில் இருக்கும் விவரத் தகட்டையும், ஆர்க் எரியும்போது மீட்டர் காட்டிய எண்ணையும், நீங்கள் ஓட்டிய ஒரு துண்டின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து இதே இடத்தில் போடுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.